எலிக்கு வைக்கும் விஷம்



கார்த்திகை பிறந்தவுடன் நம்முடைய பகுதியில் வீடுகளுக்குள் எலி வரத் தொடங்குகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் விடியற்காலப் பனி இன்னும் கடுமையாக இறங்குகிறது. சிப்காட் குடியிருப்பு, மத்திகிரி, பாகலூர், கெலமங்கலம், சூளகிரி என்று எந்தத் திசையிலுள்ள விசுவாசிகளைக் கேட்டாலும், மார்கழி முடியும்வரை இரவில் அடுக்களையில் ஓசை கேட்கிறது என்கிறார்கள். அரிசி மூட்டை கிழிகிறது, துணி அலமாரியில் நூல் கிடக்கிறது, வாசலில் நிறுத்திய வண்டியின் ஒயர் அறுந்துபோகிறது. இது சிறிய காரியம், இதைப் பற்றிச் சிந்திக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எலி சிறிய காரியந்தான். ஆனால் எலிக்காக நாம் வீட்டிற்குள் கொண்டுவந்து வைக்கிற பொருள் சிறிய காரியமல்ல. அதைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலாவது, எலி ஏன் இந்த மாதங்களில் வருகிறது என்பதை அறிந்துகொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மழையை நம்பி விதைத்த கேழ்வரகு இந்தக் காலத்தில்தான் அறுவடையாகிறது. கதிர் நின்ற நிலம் சில நாட்களுக்குள் வெறுமையாகிவிடுகிறது. வயலிலும் வரப்பிலும் மறைவும் உணவும் பெற்றிருந்த எலிக்கு இரண்டும் ஒரே வாரத்தில் இல்லாமற்போகின்றன. அதே வேளையில் குளிரும் இறங்குகிறது. சிறிய உடலுடைய பிராணி தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள அதிகமாக உண்ணவேண்டும், கதகதப்பான இடத்தில் ஒதுங்கவேண்டும். நம் வீடுகளில் இரண்டும் ஒருமித்துக் கிடைக்கின்றன. இரவு ஷிப்ட் முடித்து நிறுத்திய காரின் என்ஜின் சூடும் அதற்கு ஒரு மெத்தைதான். வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தேய்க்க எதையாவது கடித்தே தீரவேண்டும். ஒயரையும் குழாயையும் அது கடிப்பது நம்மேல் கொண்ட பகையினால் அல்ல.

வீட்டிற்குள் வருகிறவை எல்லாம் ஒரே இனமும் அல்ல. கூரையிலும் பரணிலும் ஏறி ஓடுவது வீட்டு எலி. அலமாரிக்குள் புகுந்து கூடு கட்டுவது சுண்டெலி. சாக்கடையோரம் வளை தோண்டிச் சுவரின் அடித்தளத்தையே பறிப்பது பெருச்சாளி. நீண்ட மூக்கோடு கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல. அது கரப்பான்பூச்சிகளைத் தின்கிற வேறொரு பிராணி. இவற்றை வேறுபடுத்தி அறியாமல் எல்லாவற்றிற்கும் ஒரே மருந்து என்று கடைக்குப் போகிறோம்.

எலியினால் தீங்கில்லை என்று நான் சொல்லவில்லை. அதன் சிறுநீர் கலந்த நீரினால் எலிக்காய்ச்சல் வருகிறது. அதன் உடலில் ஒட்டிவாழும் சிறு உண்ணிகளின் வழியாக ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பரவுகிறது. மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் தமிழ்நாட்டு மருத்துவமனைகள் அந்நோயாளிகளை அதிகமாகக் காண்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, பிளேக் என்னும் கொள்ளைநோயின் நினைவு நம்முடைய பகுதிக்கு அந்நியமானதல்ல. 1898 ஆகஸ்டில் அது பெங்களூருக்குள் நுழைந்தது. நெருக்கமான தெருக்களிலிருந்து ஜனங்களைக் காற்றோட்டமுள்ள இடங்களுக்குக் கொண்டுபோகவேண்டும் என்ற நெருக்கடியில்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. அதே 1898-ஆம் ஆண்டில், கராச்சியில் ஆய்வு செய்த பால்-லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே இந்நோயை மனிதருக்குக் கடத்துகிறது என்று கண்டறிந்தார். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் இந்த எல்லைப் பகுதி நெடுங்காலமாகப் பிளேக் கண்காணிப்புக்கு உட்பட்டது. நோய் கடத்தும் பூச்சிகளையும் விலங்குவழி நோய்களையும் ஆராய்வதற்கென்று பொதுச் சுகாதாரத் துறையின் நிறுவனம் ஒன்று ஓசூரிலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதை அறிந்திருக்கிறோம்?

வேதாகமத்தை வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சம்பவம் நினைவிற்கு வரும். சாமுவேலின் முதலாம் புஸ்தகத்தில் பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் தங்கள் தேசத்திற்குக் கொண்டுபோனபின், அவர்களுடைய பட்டணங்களை ஒரு வாதை பிடித்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது ஐந்து பட்டணங்களுக்கும் ஐந்தாக, தங்கள் வியாதியின் சாயலையும் சுண்டெலிகளின் சாயலையும் பொன்னினால் செய்து காணிக்கையாக வைத்தார்கள். எலியே அந்த வியாதியைக் கொண்டுவந்தது என்று வேதம் சொல்லவில்லை. ஆனாலும் வியாதியையும் எலியையும் அவர்கள் ஒரே பெட்டியில் வைத்தார்கள். சிமோனுக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜனங்களின் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து தென்பட்டிருக்கின்றன.

அந்தச் சம்பவத்தில் நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. அஸ்தோத்தின் குடிகள் வாதை வந்தவுடன் என்ன செய்தார்கள்? பெட்டியைக் காத்துக்கு அனுப்பினார்கள். காத் பட்டணத்தில் வாதை வந்தது. அவர்கள் எக்ரோனுக்கு அனுப்பினார்கள். எக்ரோனியரோ அலறினார்கள். ஒவ்வொரு பட்டணமும் தன் உபத்திரவத்தை அடுத்த பட்டணத்தின் வாசலில் வைத்தது. காரணத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை. நாமும் அப்படித்தான் செய்கிறோம். பொறியில் அகப்பட்ட எலியைப் பக்கத்துத் தெருவில் திறந்துவிடுகிறோம். மீந்த சோற்றையும் கோழிக்கழிவையும் காலி மனையில் எறிகிறோம். நம்முடைய வீட்டில் விஷம் வைத்து, செத்த எலியைச் சாக்கடையில் போடுகிறோம். எலியோ அடுத்த மாதம் திரும்பி வருகிறது. அதன் கர்ப்பகாலம் மூன்று வாரந்தான். வழியும் இரையும் அப்படியே இருக்க, பத்து எலியைக் கொன்றாலும் அந்த இடம் காலியாக இருப்பதில்லை.

இப்போது அந்த விஷத்திற்கு வருகிறேன்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை நீங்கள் செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள். எலித் தொல்லை என்று ஒரு குடும்பத்தார் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தாரை அழைத்தார்கள். அவர்கள் வந்து வீட்டின் பல இடங்களில் எலி மருந்தை வைத்துச் சென்றார்கள். அன்று இரவு குடும்பத்தார் ஏசி போட்டு, கதவை அடைத்து உறங்கினார்கள். மருந்தின் நெடி மூடிய அறைக்குள் தங்கியது. காலையில் நால்வரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆறு வயது மகளும் ஒரு வயது மகனும் மரித்துப்போனார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதானே அந்தப் பெற்றோர் எலியை ஒழிக்க எண்ணினார்கள்! இந்தச் செய்தியை எந்தக் குடும்பத்தின்மேலும் குற்றம் சுமத்துவதற்காக நான் எழுதவில்லை. பணம் கொடுத்து, தொழில் அறிந்தவர்கள் என்று நம்பி அழைத்த வீட்டிலேயே இப்படி நேருமானால், பெட்டிக்கடையில் ஒரு டியூபை வாங்கி அடுப்பங்கரை அலமாரியில் போட்டுவைக்கிற வீட்டின் நிலை என்ன என்று எண்ணிப்பாருங்கள்.

அந்த டியூபில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை. பார்வைக்குப் பற்பசையைப்போல் இருக்கும். அதைத் தக்காளியிலோ தேங்காய்த் துண்டிலோ தடவி, தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கிறோம். மனிதன் அதை உட்கொண்டால் அது கல்லீரலைத் தாக்குகிறது. அதன் கொடுமை என்னவென்றால், முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, பிறகு ஓரிரு நாள் ஒன்றுமில்லாததுபோல் தெளிந்துவிடும். வீட்டார், ஆபத்து நீங்கியது என்று தேற்றிக்கொள்வார்கள். அதற்குப் பின்னரே கண் மஞ்சளாகிக் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இந்த விஷத்திற்கென்று குறிப்பான மாற்று மருந்து கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில் பிளாஸ்மா பரிமாற்றச் சிகிச்சையினால் பலரைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அந்த இடத்திற்கு வேளையோடு வந்து சேருகிறவர்கள் எத்தனை பேர்?

அறியாமல் உட்கொள்கிற குழந்தைகள் ஒரு புறம் இருக்க, அறிந்தே எடுக்கிறவர்களைப் பற்றியும் நான் மறைக்காமல் பேசவேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டில். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்திற்கு அடுத்த இடத்தில் நம்முடைய மாநிலம் இருக்கிறது. இவர்களில் திரளானவர்கள் வீட்டிலோ வயலிலோ கைக்கு எட்டிய விஷத்தை எடுத்தவர்கள். எந்தச் சபையின் போதகரைக் கேட்டாலும் இப்படிப்பட்ட ஓர் அடக்க ஆராதனையை அவர் மறந்திருக்கமாட்டார். தேர்வில் தவறிய பிள்ளை, புருஷனோடு சண்டையிட்ட இளம் மனைவி, கடன்காரன் வந்துபோன மாலையில் தனித்திருந்த தகப்பன் ஆகியோரில் பலருக்கு மரிக்கவேண்டும் என்ற தீர்மானம் நெடுநாளாக இருந்ததில்லை. ஒரு மணி நேரக் கொந்தளிப்பு இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டிய இடத்தில் எலிக்காக வாங்கிய விஷம் இருந்தது.

உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுகிறவன் கவனமாக நடந்திருக்கவேண்டாமா என்று அந்தக் கட்டளை கேட்கவில்லை. விழக்கூடிய இடத்தை அடைத்தாயா என்று வீட்டுக்காரனைத்தான் கேட்கிறது. வீட்டில் எலிவிஷத்தை வைத்திருப்பது கைப்பிடிச்சுவர் இல்லாத மேல்தளத்தை வைத்திருப்பதற்குச் சமம் என்பதே என் கருத்து. நம் வீடுகளில் அது இருக்கலாகாது. எலி எத்தனை வந்தாலும் இருக்கலாகாது.

“சாகவேண்டும் என்று தீர்மானித்தவன் எலிமருந்து இல்லாவிட்டால் வேறொரு வழியைத் தேடிக்கொள்வான், போதகரே” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிற இந்த வாதத்தை அனுபவம் பொய்யாக்கியிருக்கிறது. இலங்கையைப் பாருங்கள். 1990-களின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகமான தற்கொலை விகிதமுள்ள நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியே பெரும்பாலும் காரணம். அந்த அரசு 1984 முதல் ஒவ்வொன்றாக, மனிதருக்கு மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் நின்றது. 1998-இல் எண்டோசல்பான் நின்றது. 2008-க்குப் பின் பாராகுவாட்டும் நின்றது. 1995-க்குப் பின்வந்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. வேறு வழிகளில் மரித்தவர்களின் தொகை அந்த அளவிற்குப் பெருகவில்லை. விளைச்சலும் வீழ்ந்துவிடவில்லை. அந்த மணி நேரத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தே இருந்தார்கள்.

நம்முடைய மாநிலத்திலும் ஒரு முயற்சி நடந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், சென்னை சினேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு உழைத்தவர்களும், விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். மருந்து அவரவருடையதுதான், வேண்டியபோது சென்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டிற்கும் விஷத்திற்கும் இடையே சிறிது தூரமும் ஒரு காவலாளரும் மட்டுமே புதிதாக வந்தார்கள். அந்த ஊர்களில் விஷமருந்தி மரிப்போர் குறைந்தார்கள். சில நூறு அடி நடப்பதற்குள் மனம் மாறிய ஜீவன்கள் அவை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2022-இல் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், எலிப்பசையைக் கடைகளில் வெளிப்படையாகத் தொங்கவிட்டு விற்பதைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தார். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தமிழ்நாடு அரசு தடையும் செய்தது. அதற்காக நன்றி சொல்லுவோம். ஆனால் நாம் வாழ்வது எல்லையில். ஒரு மாநிலத்தின் தடை ஜூஜூவாடியோடு நின்றுவிடும். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அது வேறு மாநிலம். காலையில் அந்தப் பக்கம் வேலைக்குப் போய் மாலையில் இந்தப் பக்கம் திரும்புகிற ஆயிரக்கணக்கானோரின் பையைச் சோதிக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. ஆகவே இந்தத் தடையை முழுமையாக்கக்கூடிய ஒரே இடம் உங்கள் வீட்டு வாசல். வாங்குவதில்லை என்று நீங்கள் எடுக்கிற தீர்மானத்திற்கு எல்லை கிடையாது.

சரி, விஷம் வேண்டாம் என்றால் எலிக்கு என்ன செய்வது? நியாயமான கேள்வி. அதற்கும் உத்தரவு சொல்லாமல் விட்டால் இந்தச் சிந்தனை பாதியோடு நிற்கும்.

முதல் வேலை அடைப்பது. ஒரு பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் குட்டி எலி வரும். ஒரு சனிக்கிழமை பகலில் விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் எங்கெங்கே உள்ளே விழுகிறது என்று பாருங்கள். கதவின் அடியில் தகடு அடியுங்கள். தொட்டியின் கழிவுக்குழாய் சுவருக்குள் போகிற இடம், கேஸ் குழாய், ஏசி குழாய், ஒயர் நுழையும் துளை ஆகியவற்றில், பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். கம்பியை எலி கடிப்பதில்லை. குளியலறைச் சாக்கடைக்கு இரும்பு ஜாலி போடுங்கள். சிமென்ட் தகட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெளியைக் கம்பிவலையால் மூடுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டுங்கள்.

இரண்டாவது, இரையை நீக்குவது. நம் முன்னோர் தானியத்தைக் குதிரில் வைத்தார்கள். குதிரைத் தரையில் வைக்காமல் கல்லின்மேல் ஏற்றி வைத்தார்கள். அவர்கள் அறிந்திருந்ததை நாம் மறந்து, அரிசியையும் ராகியையும் சாக்கில் தரையோடு போடுகிறோம். மூடியுள்ள டின்னோ டிரம்மோ போதும். இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் விடாதிருங்கள். நாய்க்கும் கோழிக்கும் வைத்த தீனியை இருட்டுவதற்குமுன் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பிடிப்பது. கூண்டுப் பொறியும், உடனே கொல்லும் அடிப்பொறியும் கடைகளில் கிடைக்கின்றன. எலி புதிய பொருளைச் சந்தேகிக்கும் பிராணி. ஆகவே இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல், கருவாடோ சுட்ட தேங்காயோ வைத்துப் பழக்கி, பிறகு பூட்டவேண்டும். நடு அறையில் அல்ல, அது ஓடும் சுவரோரத்தில் வைக்கவேண்டும். ஒட்டும் அட்டையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதில் அகப்பட்ட எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. கொல்லவேண்டிய அவசியம் வந்தாலும் வதைக்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. எலிப்புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதிருங்கள்; தூசி மூச்சில் ஏறும். ஜன்னலைத் திறந்து, பிளீச்சிங் கரைசலை ஊற்றி நனைத்து, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

அன்றியும், எலிக்குச் சிருஷ்டியிலேயே எதிரிகள் இருக்கிறார்கள். சாரைப்பாம்பு மனிதருக்கு விஷமற்றது. ஆனால் கண்டவுடன் அடித்துக் கொல்லுகிறோம். கூகை ஒவ்வோர் இரவும் எலியைத் தேடிப் பறக்கிறது. அதன் சத்தம் அபசகுனம் என்று சொல்லிக் கல்லெறிந்து விரட்டுகிறோம். கிறிஸ்தவ வீடுகளிலும் இந்தப் பயம் போகவில்லை. விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் கூகையும் சாகக்கூடும். நமக்குக் கூலியின்றி உழைக்கிறவரை நாமே கொன்றுவிட்டு, எலி பெருகிவிட்டது என்று முறையிடுகிறோம்.

லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற சகோதரருக்கு ஒரு வார்த்தை. சிப்காட்டிலும் புதிய ஆலைகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் உங்கள் அறைகளில் தங்கியிருக்கிறார்கள். ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர். அங்கேயே சமையல், அங்கேயே உறக்கம். சுவரில் ஓட்டை இருந்தால் அதை அடைக்க அவர்களுக்கு அதிகாரமும் இல்லை, சிமென்டும் இல்லை. அவர்களால் செய்யக்கூடியது ஒரு டியூப் வாங்குவது மாத்திரமே. வீட்டைவிட்டுத் தொலைவில், மொழி தெரியாத ஊரில், தனிமையில் இருக்கிற இளைஞனின் தலைமாட்டில் அந்த டியூபை வைத்தது யார்? ஓட்டையை அடைக்காத நாமல்லவா? அட்வான்ஸ் வாங்குகிற கை ஒரு மூட்டை சிமென்டும் வாங்கட்டும். குப்பைக்கு மூடியுள்ள ஒரு டிரம்மை வாசலில் வையுங்கள். இது தர்மம் அல்ல, கட்டினவனுடைய கடமை.

தெருவும் ஊரும் சேர்ந்து செய்யவேண்டியதும் உண்டு. 1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் பரவியபோது இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அடுத்த ஆண்டு மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ், குப்பையை அன்றாடம் அகற்றுவதையும் சாக்கடையைச் சீர்செய்வதையும் அதிகாரிகள் ஒவ்வொருவரும் தெருவில் இறங்கிப் பார்ப்பதையும் முறையாக்கினார். அழுக்குக்குப் பேர்போன அந்த நகரம் இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தியாவின் தூய்மையான நகரங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. 2019-இல் மாநகராட்சியான நம் ஓசூரும் வேகமாக வளர்ந்துவருகிறது. நம் வார்டின் சாக்கடை எப்போது திறக்கப்பட்டது, காலி மனையின் குப்பை யாருடையது என்று கேட்பது ஆவிக்குரிய காரியமல்ல என்று ஒருவரும் நினைக்கவேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே விஷம் இருக்குமானால் இன்றே தேடி எடுங்கள். அதைச் சாக்கடையில் கரைக்கவேண்டாம். எரிக்கவும் வேண்டாம், மஞ்சள் பாஸ்பரஸ் தீப்பற்றும் பொருள். டியூபை மூடி, தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாக ஒப்படையுங்கள். திடக்கழிவு விதிகள் வீட்டிலுள்ள அபாயக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுக்கும்படி சொல்லுகின்றன. எவராவது விஷத்தை உட்கொண்டார் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்காமல், பாலோ மோரோ உப்புநீரோ கொடுக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். மருந்தின் உறையையும் கையோடு கொண்டுபோங்கள். மறுநாள் தெளிவாக இருந்தாலும் வீட்டிற்குத் திரும்பி வந்துவிடாதிருங்கள்.

இதை வாசிக்கிற உங்களில் ஒருவருக்கு, எலிமருந்து என்ற சொல்லே வேறொரு நினைவை எழுப்பியிருக்கக்கூடும். உங்களுக்கே இதை எழுதுகிறேன். உங்கள் பாரத்தை அற்பமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இரவை நீங்கள் தனியாகக் கடக்கவேண்டியதில்லை. 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் தமிழில் பேசக் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் போதகரின் கதவையும் தட்டுங்கள், நடுஇரவானாலும் தட்டுங்கள். அதற்காகவே அந்தக் கதவு இருக்கிறது.

சபைகளுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். கிறிஸ்துமஸ் வருகிறது. வீட்டிற்கு வெள்ளையடிக்கிறோம், நட்சத்திரம் கட்டுகிறோம். இந்த ஆண்டு வாலிபர் கூட்டத்தார் கீதபவனிக்கு வீடு வீடாகப் போகுமுன், ஒரு சனிக்கிழமை ஒரு சட்டி சிமென்டோடும் கம்பிச் சுருளோடும் போகட்டும். விதவைகளின் வீட்டிற்கும் முதியோர் தனித்திருக்கும் வீட்டிற்கும் முதலாவது போங்கள். ஓட்டையை அடைத்துக் கொடுங்கள். அலமாரியில் விஷம் இருந்தால் அன்போடு கேட்டு வாங்கி வாருங்கள். பாட்டு பிறகு இருக்கட்டும்.

ஜெபம்: எங்கள் வீடுகளைக் காக்கிற தேவனே, நாங்கள் அடைக்கவேண்டிய வாசல்களை அடைக்க எங்களுக்குக் கருத்தையும், எங்கள் கூரையின்கீழ் உறங்குகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் குளிர்கால இரவுகளில் சமாதானத்தையும் தாரும். ஆமென்.